நாற்பத்தொன்றாவது மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் பல்வலி கிடையாது. குளிர் விட்டு வெயிலுக்குக் கொஞ்சம் உறைப்பு வரும் முதல் ஞாயிறு அது. ஊரின் வண்ணத்துப்பூச்சிக் குழு வசந்தக் கணக்கு எடுக்கும் நாள். குழுவின் செயலாளர் பல் டாக்டர் என்பதால் கூட்டம் எப்போதும் அங்கேதான்.

ஏழு பேரில் ஒருத்தி மட்டும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சுவரில் ஒட்டியிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிநீர் வாரியத்தில் மீட்டர் படிப்பவள். பதினெட்டு வருடமாக ஊர்த் தெருக்களை அளக்கிறவளுக்குத் தெருக்காரர்கள் வைத்த பெயர் மீட்டரக்கா.

சுவரில் இருந்தது, குழு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அச்சிடும் ஊர் வண்ணத்துப்பூச்சிப் பட்டியலின் கடைசிப் பக்கம். தலைப்பு: 'நீக்கப்பட்ட பதிவுகள்'. அதன் கீழே ஒரே ஒரு பதிவு. 'நாற்கண்ணி, ஒன்று. பார்த்ததாகச் சொன்னவர்: குடிநீர் மீட்டர் ஊழியர். நேரில் சோதித்ததில் காய்ந்த இலை எனத் தெரிந்தது.'

நாளை திங்கள். புத்தகம் அச்சுக்குப் போகிறது. நூலகத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, வாரிய அலுவலகத்துக்கும் ஒன்று.

மற்றவர்களுக்கு இது சின்ன விஷயம். அவளுக்கு அப்படி இல்லை. பதினெட்டு வருடத்தில் அவள் எடுத்த அளவு தப்பு என்று இரண்டு பேரைத் தவிர யாரும் வாரியத்துக்கு எழுதிப்போட்டதில்லை. அந்த இரண்டு பேரும் பிறகு வந்து மன்னிப்புக் கேட்டார்கள். அப்படிப்பட்டவள் இலைக்கும் பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று அச்சில் ஏறினால், நாளைக்கு எந்த வாசலில் நின்று எந்த எண்ணை நம்பிக்கையாகச் சொல்ல முடியும்?

நடந்தது இதுதான். போன வருடம் இதே நாட்களில், அவள் ஒரு மீட்டர் குழியின் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கினாள். உள்ளிருந்து ஒரு பூச்சி எழும்பி அவள் தோளைச் சுற்றிவிட்டுப் போயிற்று. மூடிய இறக்கை சருகு நிறம். விரித்தால் செங்கல் சிவப்பு, நான்கு மூலையிலும் நான்கு கண். நாற்கண்ணி வண்ணத்துப்பூச்சி. அந்த ஊரில் அதை யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. அவள் அன்றைக்கே இடம், நாள், நேரம் எழுதிக் கொடுத்தாள். டாக்டர் இரண்டு நாள் காலையில் அங்கே போய் நின்றார். மூன்றாம் நாள் காலையில் ஒரு சருகைப் படம் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் கெட்டவர் அல்ல. வாயைத் திறந்து காட்டாமல் எதையும் நம்பாத தொழில் அவருடையது.

"ஏங்க, ஒருவேளை சருகாத்தான் இருந்திருக்குமோ?" என்று அவளே ஒருநாள் புருஷனிடம் கேட்டாள்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். "சருகு உன் தோளச் சுத்திட்டுப் போச்சுன்னா அதுக்கு டிக்கெட்டே கொடுக்கலாம்" என்றார். அதில் ஆறுதல் இருந்ததா கேலி இருந்ததா என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இந்தக் குளிர்காலத்தில் அந்தத் தெருவின் முறை வந்தபோது, அதே மூடியை ஒரு சாண் மட்டும் தூக்கிப் பார்த்தாள். மூடியின் உட்புறத்தில் ஆறேழு சருகுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. அவற்றில் ஒரு சருகு மெதுவாகக் காலை மாற்றி வைத்தது. குளிர் உள்ளே போய்விடுமே என்று மூடியை அப்படியே இறக்கிவிட்டாள். அவசரத்தில் கைப்பேசியில் எடுத்த படத்தைப் புருஷனிடம் காட்டினாள். அவர் தூரமாகப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, "சருகுதாம்மா" என்றார். அதன்பின் அந்தப் படத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "கடைசிப் பக்கத்தப் பத்தி யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?"

"எனக்கு இருக்கு டாக்டர்."

"எனக்குத் தெரியும்மா. ஆனா நான் நேர்ல போய்ப் பாத்தேனே. படம் இருக்கு. வேணும்னா நீங்களே பாருங்க."

பாருங்கள் என்று சொல்லி இதுவரை யாரும் அந்தப் படத்தை அவள் கையில் கொடுத்ததில்லை. வாங்கிப் பார்த்தாள். சுவரோரம் ஒரு சருகு. சருகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் ஒரு சுழல் நாற்காலி.

"இது சலூன் வாசல் இல்ல?"

"ஆமா. நாப்பத்தொண்ணுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க? நாப்பத்தொண்ணாம் நம்பர் சலூன். சலூன்காரரே சாட்சி."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். பல் டாக்டரின் அறையில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை கேட்டதில்லை.

"ஐயோ டாக்டர், நான் எழுதினது கதவு நம்பர் இல்ல, நடை நம்பர்! நாங்க நடந்துபோற வரிசையிலதான் வீட்ட எண்ணுவோம். எங்க புத்தகத்துல கதவு நம்பரே கிடையாது."

அவள் தாளை வாங்கிக் கணக்குப் போட்டே காட்டினாள். தெருவின் ஒற்றைப்படைப் பக்கம் ஒன்றில் தொடங்கி அறுபத்தேழு வரை போனால் முப்பத்து நான்கு மீட்டர். அங்கே தெருவைத் தாண்டி, இரட்டைப்படைப் பக்கம் அறுபத்தெட்டில் தொடங்கித் திரும்பி வரவேண்டும். அப்படி வந்தால் நாற்பத்தொன்றாவது மீட்டர், ஐம்பத்தாறாம் எண். பூட்டிக் கிடக்கும் சலவைக்கடை. சலூனுக்கு எதிர்வரிசையில் ஏழு வாசல் தள்ளி.

"மூணு நாள் நீங்க தப்பான வாசல்ல நின்னிருக்கீங்க டாக்டர். நானும் ஒரு வருஷமா உங்க சருகுக்காக வருத்தப்பட்டிருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. அப்ப இடம் தப்பு. பூச்சி சரின்னு ஆயிடாது. விதி உங்களுக்கே தெரியும். பத்து மணிலேருந்து பன்னெண்டு வரைக்கும், நடந்துபோறப்ப, சுத்தி அஞ்சு அடிக்குள்ள, தானா வெளியில தெரியணும். குழிக்குள்ள தூங்குறதெல்லாம் கணக்குல சேராது. மூடியத் தொடவே கூடாது."

"தொடமாட்டேன்."

"பன்னெண்டு அடிச்சதும் தாளை மூடிருவேன். மூடினா அந்தப் பக்கம் அப்படியே அச்சுக்குப் போகும்."

"போகட்டும்" என்றாள்.

பத்து மணிக்கு நடை தொடங்கியது. விடுமுறை நாளில் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அவள் புருஷனும் பூங்கா வாசலில் வந்து சேர்ந்துகொண்டார்.

குளத்தில் தவளை முட்டைகள் கட்டிகட்டியாக மிதந்தன. டாக்டர் அவற்றை 'ஏராளம்' என்று எழுதினார். விளக்குக் கம்பத்தின் தகரத் தொப்பியை ஒரு மரங்கொத்தி மரம் என்று நினைத்துப் படபடவெனத் தட்டிவிட்டு, ஏமாந்ததை யாராவது பார்த்தார்களா என்பதுபோலத் திரும்பிப் பார்த்தது. வேலியோரம் கொழுத்த வண்டு ஒன்று பூவுக்குப் பூ இடித்துக்கொண்டு போயிற்று. வெள்ளைப் பூச்சி இரண்டு, மஞ்சள் ஒன்று. ஒருவர் மஞ்சளுக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"நடங்க சார், நடங்க" என்றார் ஓட்டுநர். "ஒவ்வொரு பூச்சிக்கும் ஸ்டாப் கிடையாது."

மீட்டரக்கா நேரத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தாள். மீட்டர் குழி சலவைக்கடையின் பக்கச் சந்தில் இருக்கிறது; சந்துக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம். பதினொன்றரைக்கு முன்னால் சந்துக்குள் வெயில் இறங்காது; வெயில் பட்டு மூடி சூடானால்தான் பூச்சி விழித்து வெளியே வரும். பதினொன்று முப்பத்தைந்துக்குக் குழுவைத் தெருமுனையில் திருப்பினாள்.

சலூன்காரர் வாசலில் துண்டை உதறிக்கொண்டு நின்றார். "என்னக்கா, இன்னைக்கு இலையா, தளிரா?"

"உங்க கடைய மூடிட்டு வாங்க தம்பி. சாட்சி சொன்னீங்கல்ல, இப்ப சரியான வாசல்ல வந்து சொல்லுங்க."

"ஆள் பாதி ஷேவ்ல இருக்காரே!"

"அவரையும் கூட்டிட்டு வாங்க."

சந்து வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். வீடு மாற்றுகிற பெரிய வேன் ஒன்று சந்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஐம்பத்து நான்காம் எண் வீட்டுக்காக இரண்டு பேர் வேனிலிருந்து ஓர் அலமாரியை இறக்கமுடியாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேனின் நிழல் சரியாக இரும்பு மூடியின்மேல் படுத்திருந்தது. சுற்றிலும் வெயில் வெள்ளையாக அடித்தது. மூடி மட்டும் இருட்டில்.

வேன் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டியக் கொஞ்சம் பின்னால எடுங்க."

"யாருக்கு வழி வேணும்?"

"வெயிலுக்கு."

அவர் பழத்தை மெல்வதை நிறுத்தினார். ஏழு பேர், ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு சலூன்காரர், பாதி முகம் சோப்பு நுரையோடு ஒருவர். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மீட்டரக்காவை அவருக்கு அடையாளம் தெரிந்தது. "பில்லு கட்டலைன்னா தண்ணிய நிறுத்துவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இப்ப வெயிலையும் நீங்கதான் திறந்துவிடுறீங்களா?"

"அலமாரி இன்னும் பாதிலதான் நிக்குது, வண்டிய அசைக்க முடியாது" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மணி பதினொன்று நாற்பத்து மூன்று.

மீட்டரக்கா கைப்பையைப் புருஷன் கையில் திணித்தாள். பதினெட்டு வருடம் இரும்பு மூடி தூக்கிய கை அது. நேரே போய் அலமாரியின் அடிமூலையைப் பிடித்து, "நீங்க மேல பிடிங்க, நீங்க அந்தப் பக்கம் சாய்ங்க, எடுங்க!" என்றாள். அதட்டலில் இரண்டு ஆட்களும் எடுத்தார்கள். டாக்டரும் ஒரு பக்கம் முட்டுக்கொடுத்தார். அலமாரி நடைபாதையில் தொப்பென்று உட்கார்ந்தது.

அவள் புருஷன் வேனின் பின்னால் போய் நின்று கையசைத்தார். "வா வா வா... ஒடி... நேரா... போதும்!" இருபது வருட அனுபவம். வேன் பன்னிரண்டு அடி பின்னால் போயிற்று. நிழல் வழுக்கிக்கொண்டு விலகியது. வெயில் மூடியின்மேல் தட்டாக விழுந்தது.

பதினொன்று நாற்பத்தேழு.

"இரும்பு சூடாக அஞ்சு நிமிஷம் ஆகும்" என்று புருஷன் மெதுவாகச் சொன்னார். "எஞ்சின் மூடியத் தினம் தொட்டுப் பாக்குறவன் சொல்றேன்."

மூடியின் நடுவே கொக்கி மாட்டும் துளை, கட்டைவிரல் பருமன். எல்லார் கண்ணும் அந்தக் கறுப்புப் பொட்டிலேயே இருந்தது. பதினொன்று ஐம்பது. ஐம்பத்திரண்டு. நுரை முகத்துக்காரருக்கு நுரை காய்ந்து வெடித்தது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் பார்க்க விரும்பாமல்தான் பார்த்தார் என்று அவளுக்குத் தோன்றியது.

ஐம்பத்து நான்கில் துளையின் விளிம்பில் இரண்டு மெல்லிய மயிரிழைகள் அசைந்தன.

"அசையாதீங்க" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

இழைகளுக்குப் பின்னால் ஒரு தலை. தலைக்குப் பின்னால், தொட்டால் நொறுங்கும் என்பதுபோல, ஒரு சருகு ஏறி வந்து சூடான இரும்பில் நின்றது.

"அட, இலைக்குக் காலு!" என்றார் சலூன்காரர்.

சருகு ஒருமுறை நடுங்கியது. இன்னொரு முறை. பிறகு புத்தகம் திறப்பதுபோலத் திறந்தது. செங்கல் சிவப்பு. நான்கு மூலையிலும், நீலம் கலந்த நான்கு பெரிய கண்கள். குளிர்காலம் முழுக்க இரும்புக்கடியில் கிடந்த நிறம், ஒரு தூசி குறையாமல் அப்படியே வெயிலில் விரிந்து கிடந்தது.

டாக்டர் முழங்கால் மடித்துத் தரையில் உட்கார்ந்தார். பல்லைப் பார்ப்பதுபோலக் கிட்டத்தில், மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அது அவர் நெற்றிக்கு நேரே எழும்பி, வழுக்கைமேல் ஒரு வட்டம் போட்டு, சந்தின் சுவரைத் தாண்டியது.

"நாற்கண்ணிதான்" என்றார். எழுந்தபோது அவர் முழங்காலில் புழுதி அப்பியிருந்தது. "மேடம், நான் உங்ககிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்குறேன். அந்தக் கடைசிப் பக்கமே புத்தகத்துல இருக்காது. அச்சகத்துக்கு இப்பவே ஃபோன் பண்றேன். முதல் பக்கத்துல போடச் சொல்றேன்."

"எங்க பாக்கட்டும்" என்று புருஷன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். கைப்பை இன்னும் அவர் தோளில் தொங்கியது. "என் பொண்டாட்டி சொன்னா சொன்னதுதான். நான் அப்பவே சொன்னேன்ல?"

"நீங்க சருகுன்னுதான் சொன்னீங்க."

"அது படத்தச் சொன்னேன்."

வேன் ஓட்டுநர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். சலூன்காரர் கையைத் தட்டினார். எதிர்வரிசை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என்ன, என்ன என்று கேட்டார்கள். நுரை முகத்துக்காரர் நடுத்தெருவில் நின்று ஜன்னல் ஜன்னலாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

டாக்டர் தாளை எடுத்தார். மணி பதினொன்று ஐம்பத்தாறு. பேனாவைத் திறந்து, இடம் என்ற கட்டத்தில் கதவு எண்ணை அவளிடம் ஒருமுறைக்கு இருமுறை கேட்டு எழுதினார். எண்ணிக்கை என்ற கட்டத்துக்கு வந்து, "ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வைக்கப்போனார்.

மீட்டரக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். துளையில் அடுத்த சருகு தலை நீட்டியிருந்தது. அதன் முதுகில் இடித்துக்கொண்டு இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு, முந்திக்கொண்டு.

"பொறுங்க டாக்டர்," என்றாள், அளவு சொல்கிற அதே உரத்த குரலில். "ரெண்டு... மூணு... அஞ்சு... இன்னும் வருது."