இரண்டாவது பிரேக்

பயிற்சிக் காரில் ஏறியதும் மாஸ்டர் செய்கிற முதல் வேலை, வலது காலின் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளுவது. ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் முன்னாலும் ஒரு பிரேக் உண்டு; பழகுகிறவர் கோட்டை விட்டால் மிதிப்பதற்கென்றே பொருத்தியது. அந்த வெறுங்கால் பிரேக்கின்மேல் படாது, அதைவிட்டு விலகவும் செய்யாது. வகுப்பு முடிகிற வரை, சொன்னதைக் கேட்கிற பூனையைப் போல அங்கேயே காத்திருக்கும்.

பேக்கரிக்காரம்மா வண்டி பழக வந்த நாளிலிருந்து ரோட்டைப் பார்த்ததைவிட அந்தக் காலைப் பார்த்ததே அதிகம். ஐம்பதைத் தாண்டிய அவருக்கு வாகனம் என்றாலே பயம். பிறந்த வீட்டில் பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுத்தவர். புகுந்த வீட்டிலும் அந்தப் பெயர் கூடவே வந்துவிட்டது. இத்தனை காலம் கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்த கணவருக்குக் கண்பார்வை மங்கியதால்தான் இந்த வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"நீ ஓட்டினா போலீஸே ஓரம் ஒதுங்கி வழி விடணும்," என்று கணவர் கேலி செய்தார். அவர் வாய் முகூர்த்தமோ என்னவோ, அடுத்த வாரமே போலீஸ் பின்னால் வந்தது.

கடைத்தெருவில் பேக்கரிக்காரம்மா மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது சைரன் கேட்டது. நடுக் கண்ணாடி முழுவதும் ஜீப்பின் விளக்கு. ஓரம் ஒதுங்க வேண்டும் என்று கை தானாகவே இண்டிகேட்டரைத் தட்டியது. பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். காரை ஒட்டினாற்போல, தண்ணீர் கேன் ஏற்றிய மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வந்துகொண்டிருந்தது. திருப்பினால் அதை ஓட்டுகிறவன் அடிபடுவான். சட்டென்று நிறுத்தினால் ஜீப் வந்து முதுகில் மோதும். அந்த நொடியில் பேக்கரிக்காரம்மாவின் கண் மாஸ்டரின் காலுக்குப் போனது. கால் அசையவில்லை. அவர் அதே வேகத்தில் நேராகப் போனார். சந்து வந்தது; கேன் வண்டி உள்ளே திரும்பியது; கார் ஓரம் கட்டியது. ஜீப் அலறிக்கொண்டு கடந்து போனது.

"நல்லா ஓட்டினீங்க," என்றாள் மாஸ்டர். அவள் பாராட்டுவது அபூர்வம்.

ஆனால் ஜீப்பிலிருந்து பார்த்தவருக்குக் கேன் வண்டி தெரியாது. தெரு நெடுக சைரனுக்குக் காது கொடுக்காமல் போன ஒரு கார்தான் தெரியும். சில நாளில் டிரைவிங் ஸ்கூலுக்கு அபராதச் சீட்டு வந்தது: காவல் வாகனத்துக்கு வழிவிடத் தவறிய குற்றம். பழகுகிறவர் ஓட்டினாலும் சட்டத்தின் கண்ணில் ஓட்டுநர் மாஸ்டர்தான். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போகலாம் என்றால், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது; ஒப்புக்கொண்டால் அவளுடைய பயிற்றுநர் உரிமம் ரத்தாகும்; மறுத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அந்த உரிமத்துக்காக அவள், எத்தனை பேர் "பொம்பளை சொல்லிக் குடுத்து நாங்க ஓட்டுறதா" என்று சொன்னதைக் கேட்டுச் சகித்திருக்கிறாள் என்பது ஸ்கூலில் எல்லாருக்கும் தெரியும்.

ஸ்கூல் முதலாளி சாட்சிக்காக அந்தக் கேன் வண்டிக்காரனைத் தேடித் தெருவெல்லாம் விசாரித்துப் பார்த்தார். கேன் போடுகிற யாருக்கும் அப்படி ஒரு ஜீப் நினைவில் இல்லை. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்து மாஸ்டரிடம் சொன்னார்.

"இதோ பாரும்மா. அந்தம்மா சைரன் கேட்டு பயந்துட்டாங்க, கை கால் ஓடல, நான் சமாளிக்கறதுக்குள்ள ஜீப் போயிடுச்சுன்னு சொல்லிடு. பழகுறவங்க பயந்தா கோர்ட்டும் பாவம்னு விட்டுடும்."

"தாராளமா சொல்லு மாஸ்டர்," என்றார் பேக்கரிக்காரம்மா. "நான் பயந்தவன்னு எங்க வீட்டு அடுப்புக்கே தெரியும். அதனால ஒரு நல்லது நடக்கட்டுமே."

மாஸ்டர் மேசையிலிருந்த கார்ச் சாவியை எடுத்தாள். "நீங்க அன்னிக்கு பயப்படலையேக்கா," என்றாள். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்கவில்லை. வகுப்புக்கு நேரமாகியிருந்தது.

பேக்கரிக்காரம்மா அன்றிரவு மாவு பிசையும்போது அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்ப நினைத்தார். தன்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதாக அவருக்கு நினைவில்லை.

நீதிமன்ற அறையில் மின்விசிறி மேலே கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது. நீதிபதி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மாஸ்டரைப் பார்த்தார்.

"உங்க முன்னாலயும் பிரேக் இருக்குல்ல? ஏன் மிதிக்கல?"

"தேவைப்படல ஐயா. அவங்க சரியாத்தான் ஓட்டிட்டிருந்தாங்க."

"பின்னால போலீஸ் ஜீப். பழகுறவங்க பதறிப்போறது சகஜம். அப்படி நடந்திருந்தா நான் எச்சரிக்கையோட விட்டுடலாம். நான் என்ன கேக்கறேன்னு புரியுதா?"

பேக்கரிக்காரம்மா பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். தப்பிக்கும் கதவு திறந்தே கிடக்கிறது; ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். தலையாட்டு பெண்ணே, என்று மனசுக்குள் மன்றாடினார்.

"புரியுது ஐயா. ஆனா அவங்க பதறல. நான் அப்படிச் சொன்னா நாளைக்கு அவங்க தனியா வண்டி ஓட்டும்போது, சரியாச் செஞ்சதையும் தப்புன்னு நினைச்சுப்பாங்க."

அடுத்து பேக்கரிக்காரம்மாவை அழைத்தார்கள். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னார். குரல் நடுங்கியது, சொன்னது நடுங்கவில்லை.

"ஓட்டினது சரின்னு அந்த நேரத்துல எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் நீதிபதி.

"மாஸ்டர் காலைப் பார்த்தேங்க."

அறையில் சிரிப்பு எழுந்தது. நீதிபதியும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நான் தப்பு செஞ்சா அந்தக் கால் எனக்கு முந்திக்கும்ங்க. எத்தனையோ தடவை முந்தியிருக்கு. அன்னிக்கு சும்மா இருந்துச்சு."

ஜீப் ஓட்டிய காவலர் இளைஞர், விறைப்பான ஆள். கேன் வண்டியைப் பார்த்தாரா என்று நீதிபதி கேட்டார். "இல்லை" என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை. கண்ணை மூடி அந்தத் தெருவை இன்னொரு முறை ஓட்டிப் பார்ப்பவரைப் போல நின்றார்.

"கார் பக்கத்துல எதையும் பார்க்கல ஐயா. என் சீட்டுல இருந்து அந்த இடம் தெரியாது," என்றார். "ஆனா அந்தக் கார் ஒதுங்கினதும் நான் தாண்டினேன். அப்ப சந்துக்குள்ள ஒரு கேன் வண்டி போயிட்டிருந்தது. அதோட பின்பக்கம் மட்டும் தெரிஞ்சுது. அது எங்கிருந்து வந்துதுன்னு நான் யோசிக்கவே இல்லை." நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "இப்ப யோசிச்சா, அது கார் பக்கத்துலதான் வந்திருக்கணும். அவங்க ஒதுங்கியிருந்தா அதை இடிச்சிருப்பாங்க."

தான் கொடுத்த புகாரைத் தன் வாயாலேயே அவர் பிரித்துப்போட்டார். முகத்தில் கௌரவம் குறைந்ததாகத் தெரியவில்லை; சொல்லப்போனால் விறைப்பு மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார்.

வெளியே வாசற்படியில் காவலர் அவர்களைத் தாண்டிப் போகையில் நின்றார். "சைரன் போட்டா எல்லாரும் கண்ணாடியைப் பார்ப்பாங்கம்மா. காலைப் பார்த்தவங்களை இப்பத்தான் பார்க்கறேன்."

"கடைக்கு வாங்க தம்பி. சூடா பன் எடுத்து வைக்கிறேன்," என்றார் பேக்கரிக்காரம்மா. "வரும்போது சைரன் மட்டும் வேண்டாம்."

மாஸ்டர் சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சரிசெய்து, வண்டியை எடுத்தார். கடைத்தெரு வழக்கம்போல நெரிசலாக இருந்தது. ஒரு லாரி பின்னோக்கி வந்தது. அவர் வேகத்தைக் குறைத்து, காத்திருந்து, கடந்தார். பழக்கதோஷத்தில் கண் பக்கத்து இருக்கையின் கீழே போனது.

அங்கே கால் இல்லை.

மாஸ்டர் இரண்டு கால்களையும் இருக்கையின்மேல் மடக்கிச் சம்மணம் போட்டிருந்தாள். ஜன்னல் வழியே கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

"மாஸ்டர், கால்?"

"வலிக்குதுக்கா," என்றாள் அவள், திரும்பாமலே. "நீங்க ரோட்டைப் பாருங்க."

பேக்கரிக்காரம்மா ரோட்டைப் பார்த்தார்.