சேலையில் குத்திய மைக்

எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளை இடிக்கவிடாமல் நாங்கள் போராடியதைப் படமெடுத்த லிங்கேஸ்வரனுக்கு, பத்தாங் பெர்ஜுந்தாய் மண்டபத்தில் பாராட்டு விழா. முதலில் படத்தைப் போட்டார்கள்.

திரையில் என் காலி அடுப்படி. கேமராவை அவன் கீழே வைத்த பிறகு நான் சொன்னது கேட்டது: "யார்கிட்டயும் சொல்லிறாதே தம்பி, காலி பண்றேன்னு கம்பெனிக்கு மொத கையெழுத்து போட்டது நான்தான்."

சேலையில் அவன் குத்திவிட்ட மைக்கை நான் மறந்துவிட்டேன், மடச்சி. அவன் மறக்கவில்லை.

பக்கத்து வீட்டு ரமணி என் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். மண்டபமே கைதட்டியது. எங்கள் லயத்துக்காரர்கள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

கழுத்தில் மாலையோடு வந்து மைக்கை நீட்டினான் லிங்கேஸ்வரன். "உங்க சீன்தான் அக்கா படத்துக்கே உயிரு. ரெண்டு வார்த்தை பேசுங்க லா."

"இது ஓடுதான்னு மொதல்ல சொல்லுடா," என்றேன்.

மண்டபம் முழுக்கக் கேட்டது.