ஒழுக்கமான கார்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், முப்பத்தொரு வருடமாக நிற்காத ஒழுக்கு இன்று காலை நின்றுவிட்டது.

அறிவித்தவர் பழங்கார் அன்பர் சங்கத் தலைவர் ஜெயபாலன். செமோர் ஊரில் அலெக்சாண்டர் வீட்டு வாசலில், வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டே அறிவித்தார். கூடாரத்துக்குள் சவப்பெட்டியில் அலெக்சாண்டர். வெளியே அவருடைய பச்சைக் கார், ரப்பர் தோட்டத்துத் துரை விட்டுப்போனது. இஞ்சினுக்குக் கீழே, ஒழுகும் ஆயிலுக்காக வைக்கும் வழக்கமான அட்டை. அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"பாத்தீங்களா? எசமான் போன துக்கத்துல காரு கண்ணீர நிறுத்திருச்சு!"

"துக்கம்னா அழத்தானே செய்யும் அண்ணே?" என்றான் திமோத்தி, அலெக்சாண்டரின் மனைவி ரோசரியின் தம்பி. தலைவர் காதில் அது விழவில்லை.

பெட்டியருகில் இருந்த ரோசரி எழுந்தாள். தினமும் காலையில் புருஷன் டீ கிளாசோடு குந்தி அந்த அட்டையைத்தான் முதலில் பார்ப்பார். "நம்ம காரு ஒழுக்கமான காருலா ரோசரி. ஒழுவுற வரைக்கும் உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம்."

முந்தாநாள் சாயங்காலம் ஆயிலை இறக்கி, இஞ்சினின் அடித்தட்டைக் கழற்றி, ஒழுக்கை அடைக்கப் புது கேஸ்கட் வைத்து முடுக்கினார். பசை காயட்டும், ஆயில் நாளைக்கு ஊற்றலாம் என்றார். படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கடைசியாக மாதா கோயிலுக்குப் போகையில் தன் கார் முன்னால் போகவேண்டும்.

தலைவர் காருக்குள் உட்கார்ந்து சாவியை நுழைத்தார்.

"இருங்கண்ணே, உள்ள ஆயில் இல்ல. ஸ்டார்ட் பண்ணா இஞ்சின் ஜாம் ஆயிரும்" என்றாள் ரோசரி.

"தங்கச்சி, நீங்க துக்கத்துல இருக்கீங்க. நான் பத்து காரு வச்சிருக்கேன். நீங்க என்ன, காரு ரிப்பேர் பாக்குற போமெனா?"

"போமென் பெட்டிக்குள்ள இருக்காரு. நான் பொண்டாட்டி. எறங்குங்க."

சன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். பானெட்டைத் திறந்து, ஆயில் அளவுக் குச்சியை உருவி, வெள்ளைச் சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, தலைவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். காய்ந்த குச்சி.

திமோத்தி புனலைப் பிடித்தான். ஜெபக்கூட்டம் பத்து அருள்நிறை மரியே சொல்லி முடிப்பதற்குள் நாலு லிட்டரும் உள்ளே போனது. கார் ஒருமுறை இருமிவிட்டுக் கிளம்பியது.

கோயிலில் தலைவர் நாலு பக்கம் வாசித்தார். மறைந்தவர் ஒழுக்கத்தின் உருவம். ஒழுக்கமே அவர் மூச்சு. தலைவரும் உடனிருந்து மேற்பார்வையிட்ட இறுதிப் பணியால் அக்காரின் ஒழுக்கு என்றென்றைக்கும் ஒழிந்தது. ரோசரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பின்வரிசை நினைத்தது. தலைப்பில் ஆயில் வாசம்.

வாசித்த தாள்களைத் தலைவர் இரு கையாலும் அவளிடம் ஒப்படைத்தார்.

வெளியே வந்து காரருகில் குந்தினாள். கீழே எட்டிப் பார்த்தாள். பிறகு நாலு தாளையும் விரித்து இஞ்சினுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

கார் ஒழுகியது.