மாமியார் கட்டிலும் ஒரு வெள்ளைக் கல்லும்

"என் சன்பீம் காரு மேல பட்ட கல்லு சும்மா கீழ விழாது. எறிஞ்சவனைத் தேடித் திரும்பிப் போகும்" என்றார் லின்ட்சே டல்லக். "ஒரு தடவை எதிர்ல போன கம்பளி லாரி என் ஹெட்லைட் மேல கல்லை வாரி அடிச்சிட்டுப் போச்சு. அந்தக் கல்லு என் விளக்கு வலையில பட்டுத் திரும்பி, மூணு மைல் அவனைத் துரத்திக்கிட்டுப் போயி, வளைவுல லாரியை முந்தி, அவன் ஹெட்லைட்டையே உடைச்சிருச்சு. டிரைவர் இறங்கி வந்து எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான்."

பிளாக்கெட் பழைய கார் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இருந்த முப்பத்து நாலு பேரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு நம்பவும் செய்தார்கள். வெளியூரிலிருந்து யாராவது வந்தால் இந்த லாரிக் கதையைச் சங்க வரலாறு மாதிரி எடுத்துச் சொல்வது அவர்கள் வழக்கம். சிரிக்காமலும் நம்பாமலும் இருந்தவர் ஒருவர்தான். ஹெக்டர் மெக்ரோஸ்டி. அவர் வாயிலிருந்த சீஸ் ரோல் மரக்கட்டை போலாகிவிட்டது.

ஹெக்டர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். ஓட்டாகோ வட்டாரத்தின் பாதி ஆடுகளுக்கு அவர் கை தெரியும். அவரிடம் 1926ஆம் வருடத்து வாக்ஸ்ஹால் கார் ஒன்று இருந்தது. அதன் ஹெட்லைட்டுகள் சூப் கிண்ணம் அளவுக்குப் பெரியவை. அவற்றை அவர் துடைத்துத் துடைத்து, பக்கத்துப் பண்ணைக் கோழிகள் விடிந்துவிட்டதென்று மதியத்தில் கூவும் அளவுக்குப் பளபளப்பாக வைத்திருந்தார்.

இத்தனை இருந்தும், சங்கத்தார் வருடா வருடம் சரளைச் சாலையில் வரிசையாகப் போகும் பிளாக்கெட் கணவாய்ப் பயணத்தில் அவர் விளக்குக் கண்ணாடிதான் உடையும். பத்தொன்பது வருடத்தில் பதினோரு கண்ணாடி. அந்தச் சில்லுகளைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு தேவாலயத்துக்கே ஜன்னல் போட்டிருக்கலாம். இங்கிலாந்திலிருந்து வரவழைத்த பித்தளை வலையை விளக்குகளுக்கு முன்னால் மாட்டித்தான் வைத்திருந்தார். கல் பட்டதும் அந்த வலை உள்வாங்கிக்கொண்டு கண்ணாடியை முத்தமிடும். கண்ணாடி போய்விடும்.

லின்ட்சேயின் வலையோ மாமியார் கட்டிலிலிருந்து வெட்டி எடுத்தது. அந்தக் காலத்துக் கம்பிப் பின்னல் கட்டில். மாமியார் போய்ச் சேர்ந்த மறுவாரமே அதை வெட்டி, கட்டிலின் சுருள் ஸ்பிரிங்குகளோடு விளக்குக்கு மூன்று விரல் தள்ளி மாட்டிவிட்டார். மூன்று விரல்தான் என்பது ஹெக்டருக்கு நிச்சயமாகத் தெரியும். ஒரு தேநீர் நிறுத்தத்தில், சன்பீமின் அழகை ரசிப்பது போலக் குனிந்து, யாரும் பார்க்காதபோது விரலை விட்டு அளந்திருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

"கட்டில் கம்பி, இஸ்லா. கட்டில் கம்பி" என்று மனைவியிடம் புலம்பினார்.

"அந்தக் கிழவி யாரையும் பக்கத்துல விட்டதில்ல" என்றாள் இஸ்லா. "அவ படுத்த கம்பி கல்லை மட்டும் விடுமா?"

ஆனால் அந்தக் கூட்டத்தன்று, சீஸ் ரோலை மென்றுகொண்டே லாரிக் கதையை ஐம்பதாவது தடவை கேட்டபோது, ஹெக்டருக்கு ஒன்று உறைத்தது. சங்கத்தின் விதி இது: கணவாயைத் தாண்டி ஊர் மன்றத்துக்கு இரண்டு கண்ணாடியும் முழுசாக வந்து சேரும் கார்தான் அடுத்த வருடம் வரிசையில் முதலில் போகும். பல கார்கள் முழுசாக வந்தால், அந்த வருடம் முதலில் போனவருக்கே முன்னுரிமை. பத்தொன்பது வருடமாக அந்த இடம் லின்ட்சேயுடையது. கண்ணாடி உடைந்தவர் சாப்பாட்டுக்கு முன் தேநீர் அண்டாவின் பக்கத்தில் நின்று காரணம் சொல்ல வேண்டும். வெளியார் வண்டி எறிந்த கல் கணக்கில் வராது.

ஹெக்டர் எழுந்து நின்றார். "ஒரு சந்தேகம். முதல்ல போறவனுக்கு முன்னால யாரு போறது?"

"யாரும் போறதில்ல" என்றார் சங்கத் தலைவி நோலீன்.

"அப்போ அவன் விளக்கு மேல கல்லு எங்கேயிருந்து வரும்?"

சங்கத்தில் இரண்டு பொறியாளர்களும் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியும் இருந்தார்கள். பத்தொன்பது வருடமாக இது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை. கல்லே படாத இடத்தில் போனவரைக் கல்லை வென்றவர் என்று கொண்டாடியிருக்கிறார்கள். அவருக்கு அடுத்ததாக, அத்தனை கல்லையும் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு போனவர் ஹெக்டர். நோலீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, ஹெக்டரை முதன்முதலாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

லின்ட்சே மட்டும் கொஞ்சமும் அசையவில்லை. "நியாயந்தான்யா. இந்தத் தடவை நீ முன்னால போ, நான் உன் பின்னால வரேன். கண்ணாடி முழுசா வந்து சேர்ந்தா இடம் உன்னோடது. ஆனா ஒண்ணு, உன் கல்லு உங்கிட்டயே வந்தா எம்மேல கோவிச்சுக்கக் கூடாது."

எல்லோரும் கை தட்டினார்கள். லின்ட்சேக்குத்தான் தட்டினார்கள் என்பது ஹெக்டருக்குத் தெரிந்தது. இடத்தைப் பறித்தவர் ஹெக்டர், பெருந்தன்மைப் பட்டம் வேறொருவருக்கு.

பயண நாள் காலை ஹெக்டர் செய்த முதல் வேலை, தன் பித்தளை வலைகளைக் கழற்றிக் கொட்டகையில் எறிந்தது.

"எதுக்குக் கழட்டறே?" என்றாள் இஸ்லா.

"முன்னால போறவனுக்கு வலை எதுக்கு? விளக்கை நாலு பேரு பார்க்கட்டும்."

"நாலு பேரும் பின்னாலதானே வர்றாங்க."

ஹெக்டர் காரின் கூரையை மடித்துப் போட்டு, தேநீர்க் குடுவையோடு இஸ்லாவை ஏற்றிக்கொண்டு, பதினேழு கார்களுக்கும் முன்னால் கிளம்பினார். பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவர் பல்லில் மண் கடிபடவில்லை. மலையில் புல் இருக்கிறது, புல்லுக்கு ஒரு நிறம் இருக்கிறது என்பதெல்லாம் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. இந்தச் சுகத்தை இத்தனை வருடமும் அவன் தனியாக அனுபவித்திருக்கிறானே என்று நினைத்ததும் புல்லும் கசந்தது.

பின்னால் பார்த்தார். லின்ட்சே ஒட்டிக்கொண்டே வந்தார். முன்னால் கார் இருந்தால் இடைவெளி விட வேண்டும் என்ற பழக்கமே அவருக்கு இல்லாமல் போயிருந்தது. அந்தக் கட்டில் வலைகள் இரண்டும் வெயிலில் பல்லை இளித்தன.

கணவாயின் கடைசி ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. வலப்பக்கம் திரும்பி, வந்த வழிக்கு மேலேயே திரும்பி ஓடும். அங்கே சரளைக் கல் கணுக்கால் ஆழம் கிடக்கும். ஹெக்டர் நாலு மாதமாக இந்த வளைவைத்தான் மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தார். தன் கண்ணாடி பிழைத்தால் மட்டும் போதாது. மாமியார் வலைக்குப் பின்னால் ஒரு கண்ணாடியாவது நொறுங்க வேண்டும். அப்போதுதான் லாரிக் கதை சாகும்.

வளைவின் வாயில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். பின்சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று, மலையில் பாதியை வாரி சன்பீம் மேல் இறைத்தன. அந்தப் புழுதியில் பக்கத்து மாவட்டத்து ஆடுகள் மூன்று நாள் தும்மியதாகச் சொல்கிறார்கள்.

"டங்ங்" என்று ஒரு சத்தம். கட்டில் ஸ்பிரிங் ஒன்று பாடியது.

ஹெக்டர் ஸ்டியரிங்கை ஒடித்து வளைவைச் சுற்றி மேல்பாதையில் ஏறினார். கீழே இப்போது சன்பீம் எதிர்முகமாகத் தெரிந்தது. அதன் விளக்குகள் இரண்டும் முழுசாக இருந்தன. சே என்று அவர் நினைத்த அதே நேரத்தில், வானத்தில் எங்கேயோ நிதானமாக ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்று கீழே இறங்கி, வாக்ஸ்ஹாலின் வலது ஹெட்லைட்டுக்குள் குதித்தது. கண்ணாடி கலகலவென்று உதிர்ந்தது.

காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். விளக்குக் கிண்ணத்துக்குள் கோழி முட்டை அளவு வெள்ளைக் கல் ஒன்று, கோழி இட்டுவிட்டு எழுந்து போனது போல உட்கார்ந்திருந்தது. அந்த மலையில் மற்ற கல்லெல்லாம் சாம்பல் நிறம்.

"அது நம்ம கல்லு, ஹெக்டர்" என்றாள் இஸ்லா. அவள் வழியெல்லாம் பின்னால் திரும்பி உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தவள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"போறப்பவும் பார்த்தேன், வர்றப்பவும் பார்த்தேன்."

ஹெக்டர் கல்லைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரை எடுத்தார்.

மன்றத்தில் நோலீன் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்து வாக்ஸ்ஹால் முன்னால் நின்றுவிட்டார். "முன்னால யாருமே போகலையே, ஹெக்டர். இது எப்படி உடைஞ்சுது?"

எல்லோரும் கூடிவிட்டார்கள். ஹெக்டரைத் தேநீர் அண்டாப் பக்கம் நகர்த்தினார்கள். நீராவி அவர் காதில் அடித்தது. எதிர்ல ஒரு லாரி வந்துச்சு. அவ்வளவு சொன்னால் போதும். வெளியார் கல் கணக்கில் வராது, இடம் அவருடையது. பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்து, நல்ல பிள்ளை மாதிரி காத்து நின்றது. இஸ்லா பிக்லெட் என்ற குட்டி அப்பத்தின் மேல் ஜாம் தடவிக்கொண்டிருந்தாள். அவள் எதையும் சொல்லப் போவதில்லை என்பது தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அப்போது லின்ட்சே முன்னால் வந்தார். ஹெக்டரின் தோளில் கை போட்டார். குரலில் அவ்வளவு இரக்கம். "அவரைக் கேட்டுக்கிட்டிருக்காதீங்கப்பா. புழுதிக்குள்ள எதிர்ல ஒரு லாரி போன மாதிரி எனக்குப் பட்டுது. அந்தக் கல்லாத்தான் இருக்கும். இடம் ஹெக்டருக்கே."

மறுபடியும் கை தட்டினார்கள். மறுபடியும் லின்ட்சேக்கு.

ஹெக்டரின் கண்ணுக்கு முன்னால் வரப்போகும் வருடங்கள் ஓடின. புழுதியில்லாத சாலை, நிறமுள்ள புல், ஒவ்வொரு புல்லும் லின்ட்சே போட்ட பிச்சை. தோற்றுப் பின்னால் போய்க் கல்லடி படுவதைத் தாங்கலாம். பத்தொன்பது வருடம் தாங்கிய உடம்பு. இதைத் தாங்க முடியாது.

தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டார். சட்டைப்பையிலிருந்த வெள்ளைக் கல்லை எடுத்து, சீஸ் ரோல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"லாரி ஒண்ணும் வரல. கல்லு என்னுது. நானே வேணும்னு வாரி அடிச்சேன். அது இந்த ஆளோட மாமியார் கட்டில்ல பட்டு, மேல போயி, வளைவுல என்னை முந்தி, எங்கிட்டயே திரும்பி வந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. லின்ட்சே கல்லைப் பார்த்தார், ஹெக்டரைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே நின்றது. பத்தொன்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லி வந்தவர் முகத்தில், அதை முதன்முதலாகக் கேட்கிறவரின் திகைப்பு.

"விளையாடாதய்யா" என்றார் மெதுவாக. "நிஜமாவா?"

"நிஜமாத்தான்யா" என்றார் ஹெக்டர். "நடந்துச்சு."