மாரிக்குப்பத்துச் சைக்கிள்காரர்கள்

மகள் ஆனியின் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கோயில் வாசலிலிருந்து ஆல்ட்டர் பீடம் வரை அவளைக் கைபிடித்து நடத்திச் செல்ல வேண்டியவர் அப்பா. ஏசுபாதத்தின் வீட்டில் எந்த அப்பாவும் கோலூன்றி அந்த நடையை நடந்ததில்லை. அவருக்கோ இடது முழங்கால் ஆறு மாதமாக வீங்கிக் கிடந்தது, சர்க்கரை வேறு. கோல் வேண்டாமென்றால் உங்களுக்கு ஒத்துவரும் உடற்பயிற்சி ஒன்றைத் தேர்ந்தெடுத்து விடாமல் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஏசுபாதத்தைப் பொறுத்தவரை தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. தாத்தா, அப்பா, அவர், மூன்று பேருமே கோரமண்டல் தங்கச் சுரங்கத்து ஃபுட்பால் டீமில் கோலுக்கு முன் நின்று தடுக்கும் பேக் ஆடியவர்கள். ஷிஃப்ட் முடிந்து சுரங்க லிஃப்டான கேஜில் மேலே வந்தால் அடுத்தது மைதானம்தான். அந்த வீட்டு ஆண் வேறென்ன ஆடுவான்?

பழைய பூட்ஸைத் துடைத்து மாட்டிக்கொண்டு சபை வாலிபர்களோடு இறங்கினார். நான்காம் நாள், ஒரு பந்தை நிறுத்தத் திரும்பியவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டதைத் தெருவே பார்த்தது. வலியை விட அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"உங்கப்பா ஆடுனாருன்னு உங்க முட்டி ஆடுமா?" என்றாள் மனைவி ஐடா, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றியபடி.

"இது குடும்ப ஆட்டம், ஐடா."

"நானும் இந்தக் குடும்பத்துலதான் கீறேன். நான் ஆடினனா?"

மறுநாள் அவள் அவரை ராபர்ட்சன்பேட்டைக்கு, பிசியோதெரபி பார்க்கும் மமதாவிடம் அழைத்துப்போனாள். மமதா காலை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"நடந்தா வலிக்குதா சார்?"

"வலிக்குது."

"உக்காந்தபடி மடக்கினா?"

"இல்ல."

"தனியா செய்யச் சொன்னா செய்வீங்களா?"

அவர் வாயைத் திறக்குமுன் ஐடா முந்திக்கொண்டாள். "ரெண்டு நாள் செய்வாரு. மூணாம் நாள் பேப்பர் படிப்பாரு. நாலு பேர் பாத்தாத்தான் இவருக்கு உடம்பு வளையும்."

"அப்ப சைக்கிள் ஓட்டுங்க சார். முட்டி மேல பாரம் விழாது. மாரிக்குப்பம் மைதானத்துலேர்ந்து பெரியவங்க பத்து பேரு காலையில கிளம்பறாங்க. அவங்களோட போங்க."

கோரமண்டல்காரன் எதிரணியான மாரிக்குப்பத்தின் மைதானத்தில் கால் வைப்பது மேட்சுக்கு மட்டும்தான். சுரங்கம் மூடிய பிறகும் ஏசுபாதம் அந்த வழக்கத்தை மீறியதில்லை. போதாக்குறைக்கு அந்தக் கூட்டத்தின் தலைவர் முனிரத்தினம். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு ஃபைனலில் ஏசுபாதத்தின் கால்களுக்கு நடுவே பந்தை விட்டு கோல் போட்டவர்.

"அவன் பின்னாடி நான் போறதா?" என்று கேட்டுவிட்டு, தம் தெருவிலேயே பத்து நாள் நடந்தார். வீக்கம் ஏறியதுதான் மிச்சம்.

ஒரு நாள் பெங்களூருவில் வேலை முடிந்து ரயிலில் வந்த ஆனி, செருப்பைக் கூடக் கழற்றாமல் அவர் எதிரில் நின்றாள்.

"அப்பா, நான் சித்தப்பா கூட நடந்துக்கறேன். நீங்க முன்வரிசையில உக்காந்துக்கங்க."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அன்பாகச் சொன்னாள்.

சனிக்கிழமை விடிந்ததும் மைத்துனனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் மாரிக்குப்பம் மைதானத்தில் போய் நின்றார்.

"இன்னா பேக்கு, இந்தப் பக்கம்?" என்றார் முனிரத்தினம். "இன்னிக்கு மேட்ச் இல்லியே!"

"சைக்கிள் ஓட்ட வந்தேன்."

"காலைக் கொஞ்சம் சேத்து வெச்சுக்க. எதனா பூந்துடப் போவுது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். ஏசுபாதத்துக்குக் காது சுட்டது. திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் போனால் முன்வரிசைதான்.

"பேசினது போதும், கிளம்பு" என்று பெடலில் கால் வைத்தார்.

அன்று மேட்டில் எல்லோருக்கும் கடைசியாக ஏறினார். இருந்தும் வீடு திரும்பி முழங்காலைத் தடவிப் பார்த்தபோது வலி இல்லை. மூன்றாவது வாரம் முனிரத்தினத்தின் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போவது பொறுக்காமல் போயிற்று, வேகமாக மிதித்தார். எட்டாவது வாரத்தில் வீக்கம் வடிந்தது. முனிரத்தினத்தைத்தான் இன்னும் முந்த முடியவில்லை.

கல்யாணத்தன்று பாடகர் குழு பாட்டின் முதல் அடியைத் தொடங்கியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினார். பாதி தூரத்தில் ஆனி அவர் கோட்டை இழுத்தாள்.

"அப்பா, மெதுவா! பாட்டு இன்னும் ரெண்டாவது சரணத்துக்கே வரல."

ஏசுபாதம் நின்றார். கோலில்லாமல், முதுகு நிமிர்ந்து, கோயில் முழுக்கப் பார்த்திருக்க, பாட்டு வந்து சேரும்வரை நின்றார்.