கோப்பைக்கு அடியில் ஓர் எண்

1

இந்தக் கதை ஒரு கழுவாத காபிக் கோப்பையிலிருந்து பிறந்தது. மலை முகட்டிலும் கடலோரத்திலும் கதை பிறந்ததாகச் சொல்லிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் நன்றாக இருக்கட்டும். என்னுடையது விஸ்கான்சினில், ஆர்லன் ட்வெய்ட் வீட்டு பேஸ்மென்ட்டில், வெந்நீர்க் கொதிகலனுக்கும் தூண்டில் கழிகளுக்கும் நடுவே போட்ட மேசையில், ஏழரை மாதம் யாரும் நகர்த்தாமல் இருந்த கோப்பை. உள்ளே காபி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அடியில் ஒரு துண்டுத்தாள். தாளில் ஓர் எண்.

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"வோல்தாரிய யுகத்தின் மூவாயிரத்து நானூறாம் ஆண்டில், இரும்புக் கணவாயின் மேல் பனி" – இது ஆர்லனின் குரல். அவர் தொடங்கினால் பனியில் நிறுத்த மாட்டார். பனிக்கு முன்பு பெய்த மழையின் வம்சாவளிக்குப் போய்விடுவார்.

"டுவேன் இறந்த செவ்வாய்க்கிழமை" – வேண்டாம். டுவேனே கொட்டாவி விடுவான்.

"நான்கு ஓநாய்கள் வந்தன." இது பரவாயில்லை. ஆனால் ஓநாய்களை வரவழைத்தது யார் என்று கேட்பீர்கள். அதற்கு நான் இன்னும் தயாராகவில்லை.

(ஆர்லனுக்கு 'அவர்', டுவேனுக்கு 'அவன்'. இருவரையும் பார்த்திருந்தால் ஏன் என்று கேட்க மாட்டீர்கள்.)

2

பத்தொன்பது வருடங்களாக, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மதிய உணவுக்குப் பின், நாங்கள் நான்கு பேர் அந்த மேசையில் உட்கார்ந்து வேறொரு உலகத்துக்குப் போய்வந்தோம். ஆர்லன் அந்த உலகத்தை நடத்துபவர். மலை எங்கே, மன்னன் யார், பாலத்துக்கு அடியில் ஒளிந்திருப்பது எது என்று அவர் சொல்வார். மற்ற மூவரும் அதில் ஆளுக்கொரு ஆளாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்கா பத்தொன்பது வருடம் என்று கேட்டவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் உறைந்த ஏரியின் மேல் ஓட்டை போட்டு, வராத மீனுக்காக நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்கள்.

ஆர்லன் உயர்நிலைப் பள்ளித் துணைத்தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியின் பழைய மேடைத்திரையை வெட்டி, தானே தைத்த வெல்வெட் அங்கி ஒன்று வைத்திருந்தார். அரசர் பேசும் கட்டம் வந்தால் அதை அணிந்து எழுந்து நிற்பார். அங்கி சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறையாவது வோல்தாரின் பேரரசர் நாற்காலியோடு எழுந்தார்.

அந்த உலகத்தின் வரலாற்றை அவர் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நாங்கள் யாரும் படித்ததில்லை. படிக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் நடுநடுவே கேள்வி கேட்பார், மதிப்பெண் போடுவதுபோல உதட்டைச் சுழிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு நிஜமான பெருமை இருந்தது. முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் பகடையைத் திருத்தியதில்லை. தன் மனைவியின் வீராங்கனையைச் சதுப்பு நிலத்தில் சாகவிட்டிருக்கிறார், பகடை அப்படி விழுந்ததால். அந்த வாரமே அவள் விளையாட்டை விட்டாள். அடுத்த வருடம் அவரையும். இரண்டுக்கும் தொடர்பில்லை என்பார்.

பல் மருத்துவரிடம் பல் சுத்தம் செய்யும் வேலை பார்த்த கோனி, கைநீளப் பெயர்கொண்ட வனதேவ இளவரசி. நான் மந்திரவாதி, தழலாழிவேந்தன் என்று பெயர் வைத்தேன், தமிழின் மேன்மை அமெரிக்காவில் ஒலிக்கட்டும் என்று. முதல் நாளே அவர்கள் அதை டாலி ஆக்கினார்கள். பத்தொன்பது வருடம் டாலி என்று கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

டுவேன் கவுண்டி நிர்வாகத்துக்குச் சாலையில் பனி வாரும் வண்டி ஓட்டினான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மரபு வேண்டும், ஒரு மொழிவழி வேண்டும் என்று ஆர்லன் முதல் நாள் அரைமணி நேரம் பேசி முடித்ததும், சீஸ் துண்டை மென்றுகொண்டே அவன் தன் ஆளுக்குப் பெயர் சொன்னான்.

"பாப்."

ஆர்லன் அன்று சாயங்காலமே நானூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை எழுதினார், சுரங்கக் குள்ளர்களின் ஆதிமொழியில் பாப் என்றால் அசையாத பாறை என்று.

பாப் குட்டையானவன், பருத்தவன், கேடயத்துக்குப் பதில் இரும்புக் குழம்புப் பானை வைத்திருந்தவன். ஒருமுறை குகைக்குள் தீ கக்கும் சிறகு நாகம் ஒன்று எங்களை எரிக்க வாயைத் திறந்தபோது, கோனியின் இளவரசி அம்பு தேட, என் மந்திரவாதி மந்திரம் தேட, பாப் முன்னால் போய் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டான். நாகத்தை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். பகடை இருபது விழுந்தது. நாங்கள் எல்லோரும் அதனோடு உட்கார்ந்து குழம்பு சாப்பிட்டோம். ஆர்லனின் வரலாற்றில் அந்த நாகம் பதினொரு நகரங்களை அழித்திருந்தது. அவருக்கு வருத்தம்தான்.

3

ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது வராத வாரத்தில், அவருடைய ஆளை மற்றவர்கள் தொடக் கூடாது. அந்த ஆள் குகைக்கு வெளியே நின்று குதிரைகளைப் பார்த்துக்கொள்வான். அங்கே எதுவும் வராது. நான் ஒரு மாதம் மதுரைக்குப் போயிருந்தபோது என் தழலாழிவேந்தன் ஒரு மாதம் கொள்ளு வைத்தான்.

சென்ற ஜனவரியில் டுவேனுக்குக் கணையத்தில் கட்டி என்றார்கள். பாப் குதிரைகளோடு நின்றான். இரும்புக் கணவாயின் வாசலில், நான்கு குதிரைகள். நாங்கள் மூவரும் உள்ளே போனோம், வந்தோம். பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மருத்துவமனைக் கட்டிலிலிருந்து போன் செய்தான். பேஸ்மென்ட்டில் கொதிகலனுக்கு மேல் வைத்தால்தான் சிக்னல் கிடைக்கும். எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம்.

"ஆர்லன், ரெண்டு மாசமா குதிரைங்களோட பேசிக்கிட்டிருக்கேன்," என்றான். "உன் வரலாற்றுக்கு அதுங்க பேச்சு எவ்வளவோ தேவலாம். இருந்தாலும் எனக்கு ஏதாவது அனுப்புப்பா."

அது வழக்கத்தில் இல்லை என்றார் ஆர்லன். குதிரைகளிடம் எதுவும் வரக் கூடாது. அப்போது கோனி, ஓநாய் அனுப்புங்கள், நாலு போதும் என்றாள்.

ஆர்லன் யோசித்தார். பிறகு தன் இன்னொரு வழக்கப்படி செய்தார். உயிர் போகும் கட்டம் வந்தால், பகடை விழுவதற்கு முன்பே, பிழைக்க எத்தனை வேண்டும் என்று பென்சிலால் எழுதிக் கோப்பைக்கு அடியில் கவிழ்த்து வைப்பார். அந்த எண்ணோ அதற்கு மேலோ விழுந்தால் ஆள் பிழைப்பான். குறைந்தால் இல்லை. எழுதியபின் அவரே நினைத்தாலும் மாற்ற முடியாது.

எழுதினார். வைத்தார். "எறி," என்றார்.

சாப்பாட்டுத் தட்டில் பகடை உருளும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. "அட," என்றான் டுவேன். போன் அறுந்தது.

இங்கே உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கைக்குக் கிடைக்கும் தாளில் ஓர் எண் எழுதிக் கவிழ்த்து வையுங்கள். ஆர்லனின் கணக்கில், குட்டையைத் தாண்ட ஐந்து போதும். பறக்கும் நாகத்தின் முதுகிலிருந்து குதித்துப் பிழைக்க பத்தொன்பது. இப்போது பருத்த ஒருவன், இருட்டு, பனி, நான்கு ஓநாய்கள், ஒரு பானை. எத்தனை வேண்டும்? நியாயமாக எழுதுங்கள். இரக்கம் வேண்டாம். டுவேனுக்கு அது பிடிக்காது.

4

திரும்பக் கூப்பிட்டோம். நர்ஸ் எடுத்தாள், அவன் தூங்குகிறான் என்றாள். செவ்வாய்க்கிழமை இறந்தான்.

எங்கள் ஊர் இடுகாட்டில் பிப்ரவரியில் குழி தோண்ட முடியாது. மண் கல்லாகக் கிடக்கும். பிரார்த்தனை முடிந்து பெட்டியைக் காப்பறையில் வைத்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் மண் இளகியபின்தான் அடக்கம் செய்தோம். இரண்டு மாதம் அவன் அங்கேயும் காத்திருந்தான். இதற்கும் குதிரைகளுக்கும் ஒப்புமை சொல்லி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகாக வந்திருந்தது, அதனால் அடித்துவிட்டேன்.

நாங்கள் ஞாயிறுதோறும் கூடுவதை நிறுத்தவில்லை. தாள்களை எடுத்து வைப்போம். சாப்பிடுவோம். "இன்னைக்கு வேணாமே," என்பாள் கோனி. தாள்களை மடித்து வைப்போம். ஆர்லன் அங்கியை அணிவதில்லை. காபியை வேறு கோப்பையில் குடித்தார்.

பிற நாட்களில் அவர் தனியாக இறங்கிப்போய் அந்தக் கோப்பைக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் எழுதிய எண் அவருக்குத் தெரியும். டுவேனின் எண் தெரியாது. அசையாத பாறை என்று எழுதிய கையால், ஒரு நாள், புதிய துண்டுத்தாளில் '2' என்று எழுதினார். ஏறக்குறைய எது விழுந்தாலும் பாப் பிழைக்கும் எண். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பையைத் தொடவில்லை. சட்டையை மாற்றும்போதெல்லாம் தாளையும் மாற்றி வைத்தார்.

(இந்தப் பத்தியில் நான் ஆர்லனின் தலைக்குள் புகுந்திருக்கிறேன். கேட்டால் மறுப்பார். ஆனால் பையில் ஒரு மடித்த தாள் துருத்திக்கொண்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்தேன். அதில் மளிகைப் பட்டியல் இருந்திருந்தால் இந்தக் கதைக்காக மன்னிக்கட்டும்.)

5

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: கோப்பையைத் தூக்கினால் காபி கசிந்து எண் அழிந்துபோயிருக்கிறது. யாருக்கும் தெரியாமலே போகிறது. இலக்கியப் பத்திரிகைக்காரர்கள் இதற்குக் கண் கலங்குவார்கள். ஆனால் அது பென்சில். பென்சில் எழுத்து காபியில் அழியாது. என் சமையலறை மேடையில் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

இரண்டு: ஆர்லன் எழுந்து, அங்கி அணிந்து, வோல்தாரின் சகல மணிகளையும் ஒலிக்கவிட்டு பாப்புக்கு இறுதி மரியாதை – நாற்காலி மாட்டிக்கொள்ளும். வேண்டாம்.

மூன்றாவது முடிவில் ஓநாய்களே வரவில்லை. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் மூன்றாம் பகுதியில் ஒரு பொய் இருப்பது உறுத்தியது. ஓநாய் அனுப்புங்கள் என்று சொன்னது கோனி இல்லை. நான். கட்டிலில் கிடப்பவனைச் சிரிக்கவைக்கலாம் என்று, பெரிய நகைச்சுவையாளன்போல, நாலு போதும் என்றேன். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பாப் இன்றைக்கும் குதிரைகளுக்குக் கொள்ளு வைத்துக்கொண்டிருப்பான். அங்கே எதுவும் வராது.

கோனியின் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன், நான் எப்படிப்பட்ட எழுத்தாளன் என்று தெரிந்திருக்கட்டும்.

6

அக்டோபர் முதல் ஞாயிறு, மார்லிஸ் வந்தாள். டுவேனின் மனைவி. பத்தொன்பது வருடம் அவனைக் கூட்டிப்போக வந்து, கடைசிப் படிக்குக் கீழே கால் வைக்காமல், "பூத பூஜை முடிஞ்சுதா?" என்று கேட்டவள். அன்று ஒரு தட்டு பூசணி கேக்கோடு தரைவரை இறங்கி வந்து, டுவேனின் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேசையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இதை இன்னும் கழுவலையா?"

"ஆட்டம் நடுவுல நிக்குது," என்றார் ஆர்லன்.

"தெரியும். அதுக்குத்தான் வந்தேன்." கோட்டுப் பையிலிருந்து டுவேனின் ஆரஞ்சுப் பகடையை எடுத்து வைத்தாள், ஒரு மூலையை நாய் கடித்திருந்த அதே பகடை. "எனக்கு நம்பர் தெரியும்."

கோனியின் முள்கரண்டி பாதியில் நின்றது.

அன்று மார்லிஸ் கட்டிலுக்கு அருகில்தான் இருந்திருக்கிறாள். போன் அறுந்ததும் திரும்பப் போடச் சொன்னான், அதற்குள் நர்ஸ் ஊசியோடு வந்தாள், அவன் பகடையை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். அவர்களிடம் சொல்லாதே, ஒரு வாரம் தவிக்கட்டும் என்றான். நல்ல எண்ணா என்று இவள் கேட்டாள். அது ஆர்லனின் கோப்பைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொல்லிச் சிரித்தான்.

"அந்த ஒரு வாரம் வரவே இல்ல," என்றாள் மார்லிஸ். "சொல்லாதேன்னான், சொல்லல. இவ்வளவு நாள் போதும்."

ஆர்லன் தொண்டையைச் செருமினார். அரசர் குரல் வந்தது, எங்கிருந்தோ. "விதிப்படி, எறிந்தவர் தம் வாயால் அறிவித்த எண் மட்டுமே –"

"அவன் வாய் மண்ணுக்குள்ள இருக்கு ஆர்லன்."

அரசர் போய்விட்டார். அறுபத்தொரு வயது ஆள் ஒருவர் கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"எல்லாரும் எங்கிட்ட நல்லா நடந்துக்கிறாங்க," என்றாள் மார்லிஸ். "சர்ச்சுல, கடையில. ஃப்ரீஸர்ல இன்னும் ஒன்பது பேர் கொடுத்த சாப்பாடு கெடக்கு. நீயாவது அப்படிப் பண்ணாத. நீ பொண்டாட்டியவே சாகவிட்டவன்னு டுவேன் பெருமையா சொல்லுவான். அவன் அங்க குதிரைங்களோட நிக்கிறானா, இல்லையா. எனக்கு நிஜம் வேணும்."

ஆர்லன் தலையசைத்தார்.

"பதினொண்ணு," என்றாள்.

நான் ஆர்லனின் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருடம் பள்ளிப் பிள்ளைகளின் பொய்களைக் கேட்டு, கேட்டது தெரியாமல் இருக்கப் பழகிய முகம். அதில் எதுவும் இல்லை. இடது கை சட்டைப் பையை மேலிருந்து ஒருமுறை தொட்டது. வலது கை கோப்பையின் காதைப் பிடித்தது. கோப்பை மேசையோடு ஒட்டியிருந்தது. இழுத்தபோது சின்னதாக ஒரு சத்தம்.

இனி உங்கள் தாளைத் திருப்புங்கள். பதினொன்று அல்லது அதற்குக் கீழே எழுதியிருந்தால், இரும்புக் கணவாயில் விடிந்திருக்கிறது, குழம்பு கொதிக்கிறது, பாப் இருக்கிறான். அதற்கு மேலே என்றால், குதிரைகள் மட்டும்.

மேலே எழுதிவிட்டீர்களா? பேனா இன்னும் கையருகில்தான் இருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள், நான் வேறுபக்கம் பார்க்கிறேன். என்னை ஏமாற்றுவது கஷ்டமில்லை. ஆனால் மேசைக்கு அந்தப்பக்கம், டுவேனின் நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் மார்லிஸ் உட்கார்ந்திருக்கிறாள். உங்கள் கையைத்தான் பார்க்கிறாள்.