ஏரியல் பிடித்த மகேஸ்வரி

பக்கத்துல வாங்க கண்ணுகளா, கதவோரம் நின்னது போதும். பாயில இடம் இருக்கு, காலை நீட்டிக்கங்க. ஒரு பொம்பளையோட கதை சொல்றேன். கேட்டு முடிச்சதும் யாருக்காவது போன் பண்ணணும்னு தோணுச்சுன்னா பண்ணிட்டு வாங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து டிசம்பரிலிருந்து, மைசூர் என்.ஆர். மொகல்லாவில் நடுவில் ஓர் அடிபம்பும் சுற்றி ஏழு வீடுகளுமாக இருந்த வளவில், மகேஸ்வரி என்பவள் டெலிபோனுக்கு ஏரியலாக இருந்தாள். அவள் கை வைத்தால் குரல் வரும், எடுத்தால் போய்விடும். அந்த வருஷம் தசரா ஊர்வலத்தில் தூறல் விழுந்தது எவ்வளவு நிஜமோ இதுவும் அவ்வளவு நிஜம். சந்தேகப்பட்டவர்கள் வந்து சோதித்துப் பார்த்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

போன் மோலி சிஸ்டருடையது. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வார்டு வார்டாக நடந்ததில் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஓய்வு பெற்ற பிறகு கட்டிலே கதியென்று இருந்தாள். மகன் ஜோஷுவா மஸ்கட்டில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவான். அம்மா கட்டிலை விட்டு இறங்கி ஹாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் மணி ஓய்ந்துவிடும். அதனால்தான் ஊருக்கு வந்த சிநேகிதன் கையில் கம்பியில்லாத போன் ஒன்றைக் கொடுத்தனுப்பினான். கார்ட்லெஸ். பெட்டி ஹாலில் இருக்கும், பேசுகிற கருவியைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மூன்று வெள்ளிக்கிழமை நன்றாக வேலை செய்தது. நான்காவது வெள்ளிக்கிழமை ஜோஷுவாவின் குரல் "அம்மா" என்றதோடு நின்றது. அதற்குப் பிறகு வெறும் இரைச்சல், எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி.

மோலியின் வீட்டுக்காரர் லூர்துராஜ் வயர்மேன் வேலை பார்த்து ஓய்ந்தவர். கோளாறு என்றால் அவருக்குத் திருவிழா. பெட்டியை அலமாரி மேலிருந்து ஜன்னலுக்கு மாற்றினார், ஜன்னலிலிருந்து குழந்தை இயேசு படத்துக்குக் கீழே மாற்றினார், அங்கிருந்து மீன்தொட்டி ஸ்டாண்டுக்கு. பேட்டரி புதிதாகப் போட்டார். ஏரியலை முழுக்க இழுத்து, அதன் நுனியில் துணி உலர்த்தும் கம்பியைச் சுற்றினார். டியூப்லைட் சோக்கைச் சந்தேகப்பட்டுக் கழற்றினார். எதிர்வீட்டுக் கெம்பம்மாவின் மிக்ஸியைச் சந்தேகப்பட்டு, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சட்னி அரைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அதுவும் பலிக்காமல் தன் வீடு தவிர மற்ற ஆறு வீட்டு மெயின் சுவிட்சையும் ஒரு கால் மணி நேரம் நிறுத்தவைத்தார். இரைச்சல் இன்னும் துல்லியமாகக் கேட்டது, அவ்வளவுதான். லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறி இறங்கி, "கம்பியில ஒண்ணும் இல்ல சார். கோளாறு காத்துல இருக்கு. காத்து எங்க டிபார்ட்மென்ட்ல வராது" என்று சொல்லிவிட்டுப் போனார். பழைய கறுப்புப் போனைத் திரும்ப மாட்டினார்கள். அதில் டயல் டோன்கூட வரவில்லை. ஒருமுறை காற்றில் பேசிப் பழகிய லைன், கம்பியில் திரும்ப நடக்க மறுத்துவிட்டது.

கிறிஸ்துமஸ் கழிந்த வெள்ளிக்கிழமை மகேஸ்வரி அந்த வீட்டுக்குள் வந்தாள். வளவின் கடைசி ஒற்றை அறையில் இருந்தவள். ஹனூர்ப் பக்கத்துக்காரி. வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனிக்கு ஊதுபத்தி உருட்டிக் கொடுப்பாள். விரலெல்லாம் கறுப்பு மாவு, அவள் நடந்துபோனால் பின்னாலேயே சந்தன வாசனை நடந்துபோகும். மோலி கேக் கொடுத்தனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தவள், அதை ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் வைக்கக் குனிந்தபோது தடுமாறி, போன் பெட்டியின் ஏரியலைப் பிடித்துக்கொண்டாள். உள் அறையில் மோலியின் காதில் ஜோஷுவாவின் குரல் அடுத்த கட்டிலில் படுத்திருப்பவன் போலக் கேட்டது. "அம்மா, நம்ம வீட்ல யாரும்மா ஊதுபத்தி ஏத்துனது? இங்க வாசனை அடிக்குது."

அன்றைக்கு மகேஸ்வரியைப் பதினாறு முறை கை எடுக்கவும் வைக்கவும் சொன்னார் லூர்துராஜ். பதினாறு முறையும் அப்படியே நடந்தது. வேடிக்கை பார்க்க வந்த கெம்பம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "நோடி சிஸ்டர், இவ கை வச்சா லைன் பருத்தே, வருதே! ஏழு வருஷமா இங்கேயே இருந்திருக்கா, நமக்குத் தெரியலயே!"

அது உண்மைதான். ஏழு வருஷமாக அவள் அங்கே இருந்தது யாருக்கும் பெரிதாகத் தெரிந்திருக்கவில்லை. அவள் புருஷன் சென்னிமலை, திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரின் போர்வெல் லாரியோடு வடக்கே போனவன். எண்பத்தொன்பதில் போனான். தொண்ணூறில் ராஜஸ்தானிலிருந்து ஒரு கார்டு வந்தது, இங்கே எழுநூறு அடி போட்டும் தண்ணீர் இல்லை என்று. அப்புறம் ஒன்றுமில்லை. வளவில் அவளிடம் பேச்சு என்றால் "தண்ணி வருதா", "கரண்ட் இருக்கா" என்கிற அளவுதான். பிள்ளை குட்டி இல்லை. பொழுதுக்கும் குச்சி உருட்டுவாள், சோறு வைப்பாள், தாழ்ப்பாள் போடுவாள்.

ஏரியலான பிறகு அவளைக் கூப்பிடாத நாள் இல்லை. ஏழு வீட்டுக்காரர்களும் மோலியின் நம்பரையே தங்கள் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான், பக்கத்து வீட்டு நம்பரை எழுதி முன்னால் பி.பி. என்று போட்டுவிட்டால் அது நம் நம்பர். கோலாரிலிருந்து கெம்பம்மாவின் அண்ணன் கூப்பிடுவார். பெங்களூரிலிருந்து மூன்றாம் வீட்டு வைஷாலியின் வருங்கால மாப்பிள்ளை கூப்பிடுவான். மணி அடித்ததும் யாராவது அடிபம்பு வரை வந்து, "மகேசு, பா!" என்று கன்னடத்தில் வரச்சொல்லிக் குரல் கொடுப்பார்கள். அவள் ஈரத் துணியில் கையைத் துடைத்தபடி வந்து, ஏரியலைப் பிடித்து நிற்பாள். ஸ்டூல் போட்டுப் பார்த்தார்கள்; உட்கார்ந்தால் குரல் மெலிந்தது. அதனால் நின்றாள். பேசுகிறவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள், சிரித்தார்கள், அழுதார்கள். அவள் கண் கூரை விசிறியில் இருக்கும். பேசி முடித்தவர்கள் சேதியை மற்றவர்களுக்குச் சொல்ல ஓடிவிடுவார்கள். ஒருமுறை வைஷாலி கருவியை வைத்துவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் கழித்து லூர்துராஜ் ஹாலுக்கு வந்தபோது, மகேஸ்வரி ஏரியலைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள்.

"பேசி முடிச்சு எவ்ளோ நேரமாச்சும்மா! யாரும் சொல்லலையா?"

"சொல்லலீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளுக்கும் ஒரு போன் வரவேண்டியிருந்தது. திருச்செங்கோட்டு முதலாளிக்கு ஒரு கார்டு எழுதிப்போட்டாள். சென்னிமலை எங்கே இருந்தாலும் இந்த நம்பரைக் கொடுங்கள், பி.பி. மோலி சிஸ்டர் என்று. போட்ட பிறகுதான் லூர்துராஜுக்கு ஒரு யோசனை வந்து, அவளைப் பேசவைத்துப் பார்த்தார். ஹனூரில் அவள் சித்தி மகன் வீட்டுக்குப் போட்டுக் கொடுத்தார். அவள் ஒரு கையில் ஏரியலும் மறு கையில் கருவியுமாக நின்றாள். கடுகு வெடித்தது. கால் மெட்டியில் கம்பி சுற்றி, ஈர மணலில் நிற்கவைத்தார். கடுகு வெடித்தது. கெம்பம்மா, வைஷாலி, லூர்துராஜ் ஒருவர் மாற்றி ஒருவர் அவளுக்காக ஏரியலைப் பிடித்தார்கள். யார் கையிலும் அந்த ராசி இல்லை. "ஊருக்கெல்லாம் கேக்குது, உனக்கு மட்டும் கேக்கமாட்டேங்குதேம்மா" என்று லூர்துராஜ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

மகேஸ்வரி மோலியின் கட்டிலருகே வந்து நின்றாள். "சிஸ்டர், அவரு கூப்புட்டா நீங்க காதுல வெச்சுக்குங்க. நான் கையி வெச்சுக்கறேன். அவரு சொல்றத அப்படியே சொல்லிப்போடுங்க. கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

மோலி அவள் கறுப்புக் கையைப் பிடித்து, சரி என்று வாக்குக் கொடுத்தாள்.

ஒன்றரை வருஷம் கழிந்து, தொண்ணூற்றேழு ஜூலையில், மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை காலை மணி அடித்தது. இரைச்சலுக்குள் ஓர் ஆம்பளைக் குரல் "மகேஸ்வரி" என்று மட்டும் தெரிந்தது. கெம்பம்மா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். மகேஸ்வரி மாவுக் கையோடு வந்தாள். கருவியை வாங்கி ஒரே ஒரு தடவை காதில் வைத்துப் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, ஹாலுக்கு வந்து ஏரியலைப் பிடித்தாள். கட்டிலில் இருந்த மோலிக்கு, திறந்த கதவு வழியே அவள் நிற்பது தெரிந்தது.

சென்னிமலை நிதானமாகத்தான் பேசினான். பழைய முதலாளி கொடுத்தனுப்பிய கார்டு இப்போதுதான் கையில் கிடைத்தது என்றான். ஜோத்பூருக்கும் அந்தப் பக்கம் ஓர் ஊரில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், பிள்ளைகள் இரண்டு. இனி அந்தப் பக்கம் வருகிற மாதிரி இல்லை, அவளைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றான்.

மோலி முப்பத்தொரு வருஷம் வார்டு வாசலில் சொந்தக்காரர்களிடம் சேதி சொன்னவள். உள்ளே எதைப் பார்த்துவிட்டு வந்தாலும் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, டாக்டர் பார்த்துட்டு இருக்கார், நீங்க ஒரு டீ குடிச்சிட்டு வாங்க என்று சொல்லிப் பழகிய வாய் அது. கொடுத்த வாக்கு நினைவிருந்தும் வாய் தன் வழக்கப்படியே போனது. "நல்லா இருக்காராம் மகேசு. வேலை ஜாஸ்தியாம். நீ சாப்பிட்டியான்னு கேக்கறார்."

ஓட்டில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மகேஸ்வரி கூரை விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மூத்தது பொண்ணா பையனான்னு கேளுங்க சிஸ்டர்."

மோலி கருவியை மறு காதுக்கு மாற்றினாள். கேட்டாள். பொண்ணு, ஏழாகப் போகிறது, பேர் லீலா என்றான் அவன். மோலி அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுப்பதற்குள், ஹாலில் நின்றவள், "நல்ல பேரு" என்றாள்.

பிறகு சென்னிமலை, "அங்க ஊதுபத்தி..." என்று ஆரம்பித்தான். "அவ பக்கத்துல நிக்கறாளா?" என்றான். மோலி பதில் தேடுவதற்குள் அந்தப் பக்கம் லைனை வைத்துவிட்டார்கள். மகேஸ்வரி மழை விடுகிறவரை ஏரியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விட்டதும் கையெடுத்துவிட்டுப் போனாள். ஏரியலில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

மோலிக்கு அன்று சோறு இறங்கவில்லை. எல்லாக் குரலும் அவள் கை வழியாகத்தானே வந்தது, அவளுக்கு மட்டும் கேட்காது என்று எப்படி நினைத்தோம்? ஜோஷுவா வேலை போய் மூன்று மாதம் சும்மா இருந்ததைப் புருஷனுக்குக்கூடச் சொல்லாமல் மறைத்தாள் மோலி, மகேஸ்வரிக்குத் தெரியும். கெம்பம்மாவின் அண்ணனுக்கு என்ன வியாதி என்று தெரியும். வைஷாலியின் மாப்பிள்ளை ஒருமுறை கல்யாணமே வேண்டாம் என்றதும் தெரியும். ஒன்றரை வருஷத்தில் ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து அடிபம்பு வரை வந்ததில்லை. யாரும் அவளிடம் எதுவும் கேட்டதுமில்லை. அன்று முக்கால் மணி நேரம் நின்றாளே, பேசி முடிந்தது தெரியாமலா நின்றாள்? அந்த நேரம் மோலி வீட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, குக்கர் விசிலடித்தது, லூர்துராஜ் மோலியைத் திட்டிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்று அடித்தபோது அவளைக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. மணி அடித்தது. கெம்பம்மா அடிபம்பு வரை போய், சும்மா திரும்பி வந்தாள். மோலி கட்டிலை விட்டு இறங்கினாள். சுவரைப் பிடித்து, அப்புறம் லூர்துராஜின் தோளைப் பிடித்து, முற்றத்தைத் தாண்டிக் கடைசி அறைக்குப் போனாள். அந்த அறைக்குள் அதுவரை வளவில் யாரும் போனதில்லை. லூர்துராஜை வாசலோடு அனுப்பிவிட்டு, தரையில் உட்கார முடியாமல் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஒரு குச்சியை எடுத்து மாவில் உருட்டினாள். வெண்டைக்காய் மாதிரி வந்தது.

"அதக் கம்பெனியில திருப்பி அனுப்பிப்போடுவாங்க சிஸ்டர்" என்றாள் மகேஸ்வரி.

"அனுப்பட்டும். நான் குடுத்த வாக்கைக் காப்பாத்தல மகேசு."

"ரிங் அடிக்குதுங்க."

"அடிக்கட்டும். நீ சாப்பிட்டியா? இது அவர் கேட்டதில்ல, நான் கேக்கறேன்."

மகேஸ்வரி அந்தக் குச்சியை எடுத்துத் தனியே வைத்தாள். "புதன்கெழமையிலிருந்து சரியாத் தின்னலீங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள். மோலி அவள் அழுது முடிக்கிறவரை டீ குடித்துவிட்டு வா என்று சொல்லவில்லை. மணி ஓய்ந்து, மறுபடி அடித்து, மறுபடி ஓய்ந்தது. நான்காவது தடவை அடித்தபோது மகேஸ்வரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மோலிக்குக் கை கொடுத்தாள். "வாங்க சிஸ்டர். பாவம், பையன் பயந்துக்குவான்."

அன்று மோலி கட்டிலுக்குப் போகவில்லை. ஹாலிலேயே, ஏரியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினாள். "ஜோஷுவா, மகேஸ்வரி கேட்டுட்டு இருக்கா. எப்பவும் கேட்டுட்டுதான் இருந்திருக்கா. மொதல்ல அவகிட்டப் பேசு." பிறகு ஜோஷுவா தயங்கித் தயங்கி, "மகேஸ்வரிக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றான். மகேஸ்வரி பதில் சொன்னாலும் அந்தப் பக்கம் கேட்காது. அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஜோஷுவாவின் அறையில் சந்தன வாசனை எழுந்து, வராந்தாவரை போனது. மூன்றாம் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.

அதன் பிறகு அந்த நம்பரில் யார் பேசினாலும் முதல் வார்த்தை அவளுக்குத்தான். கோலார் அண்ணன் "மகேஸ்வரம்மா, ஊட்ட ஆயித்தா?" என்று சாப்பாட்டை விசாரித்துவிட்டுத்தான் தங்கையை விசாரிப்பார். பதிலுக்கு அந்தந்த ஊரில் வாசனை அடிக்கும், அவர்களும் சரி என்று மேலே பேசுவார்கள். வைஷாலி கல்யாணமாகிப் போனாள். ஏழு வீட்டில் மூன்று வீட்டுக்குச் சொந்தப் போன் வந்தது. ஆனாலும் முக்கியமான சேதி என்றால் மோலி வீட்டுக்கு வந்துதான் பேசினார்கள். மகேஸ்வரி இருந்த அறையிலேயே இருந்தாள், தாழ்ப்பாள் போட்டுத்தான் தூங்கினாள், தனியாகத்தான் சோறு தின்றாள். ராஜஸ்தானிலிருந்து அப்புறம் போன் வரவில்லை. ஏரியலில் பதிந்த ஐந்து விரலை லூர்துராஜ் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துப் பார்த்தார், போகவில்லை, விட்டுவிட்டார்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்க வீட்ல மணி அடிச்சுட்டே இருக்கட்டும், எடுக்க ஆள் இருக்கட்டும். உங்க பிள்ளைங்க எந்தத் தேசத்துல இருந்தாலும் குரல் கரகரக்காம வந்து சேரட்டும். அடுப்புல உலை கொதிக்கட்டும், சாப்பிட்டியான்னு கேக்க ஒரு வாயும், சாப்பிட்டேன்னு சொல்ல ஒரு வாயும் உங்க வாசப்படிக்குள்ள எந்நாளும் இருக்கட்டும்.